ஒரு லட்சம் பேர் உட்காரும் பள்ளம்: ஒரு கல்லூரி ஸ்டேடியம் வளர்ந்த கதை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்று ஓர் ஊர். மக்கள்தொகை 1,20,000 சொச்சம். அந்த ஊரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அதாவது, கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஊரையே வாரிக்கொண்டுபோய் கேலரியில் உட்காரவைத்துவிடலாம், சிலர் மட்டும் வெளியே நிற்பார்கள். இத்தனைக்கும் அங்கே ஃபுட்பால் ஆட்டம் நடப்பது ஆண்டுக்கு ஏழெட்டு சனிக்கிழமைகள்தான். ஆடுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள்.

உலகத்தில் இதைவிடப் பெரிய ஸ்டேடியங்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவை இரண்டே இரண்டு: ஒன்று வட கொரியாவின் பியோங்யாங்கில், இன்னொன்று இந்தியாவின் அகமதாபாத்தில். கோடிகள் புரளும் என்.எஃப்.எல். என்ற அமெரிக்க ஃபுட்பால் லீகின் தொழில்முறை அணிகளுக்குக்கூட இவ்வளவு பெரிய சொந்த இடம் கிடையாது. அங்கே பெரியது என்றால் நியூ ஜெர்சியில் இருக்கும் மெட்லைஃப் ஸ்டேடியம், 82,500 பேர். ஒரு கல்லூரிக்கு எதற்கு இவ்வளவு பெரிய கேலரி? அதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு ஸ்டேடியத்தின் கதையே போதும். ஆனால் நூறு வருடம் பின்னால் போக வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு விஷயம். ஃபுட்பால் என்றதும் காலால் உதைக்கும் கால்பந்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது அமெரிக்க ஃபுட்பால். இருபுறமும் கூர்ந்த நீளமான பந்து. பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பக்கத்துக்கு 11 பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியோ, முன்னால் ஓடும் கூட்டாளிக்கு எறிந்தோ, எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் அது டச்டவுன், 6 புள்ளி. மைதானத்தின் நீளம் 100 கெஜம், இரண்டு முனையிலும் தனியாகப் பத்துப் பத்து கெஜம். அகலம் 160 அடி. இந்த அகலத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இந்த விளையாட்டு கல்லூரிகளில் பிறந்தது. 1869-இல் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டனும் மோதியதைத்தான் முதல் ஆட்டம் என்பார்கள். என்.எஃப்.எல். வந்ததோ 1920-இல். அரை நூற்றாண்டு பிந்தி வந்ததால், அதற்குள் மக்களின் விசுவாசம் கல்லூரி அணிகளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊர்த் திருவிழாவுக்கு வெளியூரில் இருக்கும் பங்காளிகள் எல்லாம் வந்து சேர்வார்களே, அப்படித்தான் பழைய மாணவர்கள் இலையுதிர் காலச் சனிக்கிழமைகளில் கல்லூரிக்குத் திரும்பி வருகிறார்கள். அப்பா படித்த கல்லூரி, தாத்தா படித்த கல்லூரி என்று அந்தப் பாசம் தலைமுறை தாண்டியும் ஓடும். படிக்காதவர்களுக்கும் உண்டு, அது அவர்கள் மாநிலத்தின் அணி, அவ்வளவுதான்.

சரி, ஆரம்பத்தில் இவர்கள் எதில் உட்கார்ந்தார்கள்? மரப்பலகையில். மரம் மழையில் உளுத்தது, அவ்வப்போது தீப்பிடித்தது. 1903-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. 1879-இல் படித்து முடித்த மாணவர்கள் கொடுத்த 1,00,000 டாலர் நன்கொடையையும் சேர்த்து, கம்பி கட்டிய கான்கிரீட்டில் குதிரை லாட வடிவத்தில் ஒரு ஸ்டேடியம் எழுப்பியது. நிரந்தரமான பெரிய கல்லூரி ஸ்டேடியம் என்ற யோசனையே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்தக் கான்கிரீட் விளையாட்டின் விதியையே மாற்றிவிட்டது என்பதுதான் இதில் சுவையான பகுதி. அந்தக் காலத்து ஃபுட்பாலில் பந்தை முன்னால் எறியக் கூடாது. கூட்டமாக முட்டி மோதிக்கொண்டு போக வேண்டியதுதான். 1905-இல் மட்டும் ஆட்டத்தில் அடிபட்டுப் பத்துப் பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். விதிகளை மாற்ற உட்கார்ந்தபோது வால்டர் கேம்ப் என்ற மூத்தவர் சொன்ன யோசனை, மைதானத்தின் அகலத்தை இன்னும் 40 அடி கூட்டுவோம் என்பது. இடம் இருந்தால் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழமாட்டார்கள் இல்லையா? நல்ல யோசனைதான். ஆனால் ஹார்வர்டின் புத்தம்புதிய கான்கிரீட் சுவர் நகராதே! அகலப்படுத்தும் யோசனை விழுந்தது. பதிலாக, பந்தை முன்னால் எறியலாம் என்ற விதி 1906-இல் வந்தது. இன்றைக்கு அமெரிக்க ஃபுட்பாலின் அழகே அந்த எறிதான். மைதானம் இன்றும் 160 அடி அகலம்தான்.

அடுத்த பெரிய அடி யேல் பல்கலைக்கழகத்தில், 1914-இல். அவர்கள் நடுவில் தோண்டினார்கள். தோண்டிய மண்ணைச் சுற்றிலும் கரையாகக் கொட்டினார்கள். அந்தக் கரையின் உள்சரிவில் இருக்கைகளை அமைத்தார்கள். குளம் வெட்டிக் கரை கட்டும் அதே சூத்திரம். மண்ணே கேலரியைத் தாங்குவதால், தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் ஆகும் செலவு பெருமளவு மிச்சம். பார்க்க ஒரு கிண்ணம் போல இருந்ததால் அதற்கு ‘யேல் பௌல்’ என்று பெயர் வந்தது. கலிஃபோர்னியாவின் ரோஸ் பௌல் அதைப் பார்த்துக் கட்டியது. பிறகு ஆண்டிறுதியில் நடக்கும் பெரிய ஆட்டங்களுக்கே ‘பௌல் கேம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒரு மண்வேலையிலிருந்து வந்த சொல்!

முதல் உலகப் போர் முடிந்ததும் ஸ்டேடியம் கட்டும் ஜுரம் பரவியது. ஒஹாயோவில் 1922, இல்லினாயில் 1923, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1923. போரில் இறந்தவர்கள் நினைவாக என்று சொல்லி நன்கொடை திரட்டினார்கள். அதனால்தான் ‘மெமோரியல் ஸ்டேடியம்’ என்ற பெயரை இத்தனை ஊரில் பார்க்கிறோம். பெர்க்லிக்காரர்கள் இடம் தேர்ந்த லட்சணம் தனிக் கதை. நிலநடுக்கப் பிளவு ஒன்று மைதானத்தின் குறுக்கே போகிறது. ஸ்டேடியத்தின் இரண்டு பாதியும் மெல்ல மெல்ல வெவ்வேறு திசையில் நகர்ந்துகொண்டிருக்கின்றன.

இப்போது ஆன் ஆர்பருக்கு வருவோம். மிச்சிகன் அணிக்கு 1901-இல் பயிற்சியாளராக வந்தவர் ஃபீல்டிங் யோஸ்ட். வந்த முதல் ஆண்டே அவருடைய அணி 550 புள்ளிகள் எடுத்தது. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். பிறகு 1921-இல் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கே இயக்குநர் ஆனார். அப்போது அணி ஆடிய இடம் ஃபெர்ரி ஃபீல்டு. நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு மேல் அங்கே திணிக்க முடியவில்லை. டிக்கெட் கிடைக்காதவர்களின் புலம்பல் ஒரு பக்கம், பக்கத்து மாநிலமான ஒஹாயோவில் எழுந்துவிட்ட பிரம்மாண்டம் இன்னொரு பக்கம். யோஸ்ட் சும்மா இருப்பாரா?

பேராசிரியர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படிப்பு நடக்கும் இடத்தில் இவ்வளவு பெரிய வேடிக்கை வியாபாரம் தேவையா என்று கேட்டார்கள். இன்றைக்கும் பொருந்தும் கேள்வி. எட்மண்ட் டே என்ற டீன் தலைமையில் ஒரு குழு போட்டு ஆராய்ந்தார்கள். கட்டலாம், ஆனால் ஆடம்பரம் கூடாது. கூடவே அணியில் இல்லாத சாதாரண மாணவர்களும் விளையாட இடம் வேண்டும் என்றது குழு. 1926-இல் அனுமதி கிடைத்தது. 1928-இல் மாணவர்களுக்கென்று ஒரு பெரிய உள்விளையாட்டு அரங்கமும் வந்தது அந்தச் சிந்தனையின் பலன்தான்.

பணத்துக்கு யோஸ்ட் அரசிடம் போகவில்லை. ஒவ்வொன்றும் 500 டாலர் மதிப்புள்ள 3,000 கடன் பத்திரங்களைப் பொதுமக்களுக்கு விற்றார். வட்டி 3 சதவீதம். வட்டிக்காக யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். பத்திரம் வைத்திருப்பவருக்குப் பத்து வருடம் நல்ல இடத்தில் டிக்கெட் வாங்கும் உரிமை உண்டு என்பதுதான் தூண்டில். கட்டி முடிக்க ஆன செலவு 9,50,000 டாலர்.

கட்டுவதற்குப் பிடித்த இடம் ஒரு தாழ்வான பள்ளத்தாக்கு. யேல் வழியிலேயே, பள்ளத்துக்குள் ஸ்டேடியத்தை இறக்கிவிடுவது என்று முடிவு. கிளீவ்லாந்தின் ஆஸ்பார்ன் எஞ்சினியரிங் நிறுவனம் வரைபடம் போட்டது. தோண்டத் தோண்டத் தண்ணீர். அடியில் ஊற்று. கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும், ஊற்றுக்கண் திறந்துவிட்டால் சேற்றில் கால் வைக்க முடியாது. அந்தச் சேற்றில் ஒரு கிரேன் அப்படியே முங்கிப்போனதாகவும், எடுக்க முடியாமல் அதன் மேலேயே கட்டிவிட்டதாகவும் ஆன் ஆர்பரில் ஒரு கதை உலவுகிறது. உண்மையோ பொய்யோ, சொல்ல நன்றாக இருக்கிறது. 440 டன் கம்பி மட்டும் உள்ளே போனது என்பது கணக்கில் இருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை யோஸ்ட் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. நம் பக்கத்தில் ஒற்றை மாடி வீடு கட்டுகிறவர்கள்கூட அஸ்திவாரத்தை இரண்டு மாடிக்குப் போட்டு, மொட்டை மாடியில் தூண் கம்பிகளை நீட்டி விட்டிருப்பார்கள், பிள்ளைகள் தலையெடுத்தால் மேலே எழுப்பிக்கொள்ளட்டும் என்று. யோஸ்டும் அதையே செய்தார். அனுமதி கிடைத்தது 72,000 இருக்கைக்கு. அவர் அஸ்திவாரத்தை ஒரு லட்சத்துக்கும் மேல் தாங்கும்படி போட வைத்தார். அந்த ஆண்டு ஆன் ஆர்பரின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. அனுமதித்த 72,000 போதாதென்று, மேல் விளிம்பைச் சுற்றி மர பெஞ்சுகளையும் போட்டு எண்பதாயிரத்தைத் தாண்டினார்.

1927 அக்டோபர் 1 அன்று முதல் ஆட்டம். மழை. கேலரியில் கால்வாசிகூட நிரம்பவில்லை. ஒஹாயோ வெஸ்லியன் கல்லூரியை 33-0 என்று ஜெயித்தார்கள். முறையான திறப்பு விழா அக்டோபர் 22-இல், ஜென்மப் பகையான ஒஹாயோ ஸ்டேட் அணியோடு. 84,000-க்கும் மேல் கூட்டம். 21-0. அந்த 21 புள்ளியையும் லூயிஸ் கில்பர்ட் என்ற ஒரே ஆள் எடுத்தார்.

உள்ளே நுழைவது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெரிய ஸ்டேடியம் என்றால் தூரத்திலேயே மலை போலத் தெரியும், படியேறி மூச்சு வாங்க மேலே போக வேண்டும் என்றுதானே நினைப்போம்? இங்கே தலைகீழ். ரொம்பக் காலத்துக்கு வெளியிலிருந்து பார்த்தால் ஒரு நீளமான தாழ்ந்த செங்கல் சுவர்தான் தெரியும். தெருவிலிருந்து சமதளத்திலேயே நடந்து வாசலுக்குள் போவீர்கள். நாலு எட்டு வைத்ததும் தரை காணாமல் போகும். காலடியில் ஒரு பெரும் பள்ளம். முக்கால்வாசி கேலரி மண்ணுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும். அடியில் பச்சையாகத் துண்டு விரித்தது போல மைதானம். உங்கள் இடம் கீழ் வரிசை என்றால் படி இறங்க வேண்டும். நாற்காலி கிடையாது, பெஞ்சுதான். அதில் எண் எழுதியிருக்கும். இரண்டு எண்ணுக்கு நடுவில் இருக்கும் இடம் உங்களுடையது. குளிர் கோட்டோடு நாலு பெரிய உடம்புக்காரர்கள் வந்துவிட்டால் ஐந்தாவது ஆள் பக்கவாட்டில் சாய்ந்துதான் உட்கார வேண்டும்.

அந்த பெஞ்சில்தான் ரகசியம் இருக்கிறது. என்.எஃப்.எல். ஸ்டேடியங்களில் சாய்மானமும் கைப்பிடியும் வைத்த நாற்காலிகள். ஒவ்வொன்றும் இடத்தை அடைக்கும். கல்லூரி ஸ்டேடியத்தில் கூரையும் இல்லை, நாற்காலியும் இல்லை. பெஞ்சில் நெருக்கி உட்காரவைத்தால் அதே பரப்பில் எத்தனையோ ஆயிரம் பேர் கூடுதலாக வந்துவிடுவார்கள். எட்டு கல்லூரி ஸ்டேடியங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டி வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1949-இல் மர பெஞ்சுகளை எடுத்துவிட்டு நிரந்தரமாக இரும்பில் போட்டார்கள், 97,239. யோஸ்ட் 1946-இல் இறந்துவிட்டதால் இதைப் பார்க்கவில்லை. 1956-இல் பத்திரிகையாளர் மாடம் கட்டிக் கூடவே கேலரியையும் நீட்டினார்கள்; 1,01,001. அஸ்திவாரத்தில் எழுதி வைத்த கணக்கு முப்பதாண்டு கழித்து மேலே வந்து சேர்ந்தது. அந்தக் கடைசி 1 எதற்கு? அப்போதைய விளையாட்டு இயக்குநர் ஃப்ரிட்ஸ் கிரிஸ்லருக்காக. மிச்சிகனை 1947-இல் தோல்வியே இல்லாமல் நடத்திய பயிற்சியாளரும் அவர்தான். அவருக்கு மரியாதையாக ஒரு இருக்கையைச் சேர்த்துக் கணக்கு வைத்தார்கள்.

இருக்கை போட்டால் போதுமா, ஆள் வர வேண்டாமா? 1960-களில் அணி சுமாராக ஆடியது. பல சனிக்கிழமைகளில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. 1968-இல் இயக்குநரான டான் கேனம் அடிப்படையில் ஒரு வியாபாரி. வீடு வீடாகத் தபாலில் விளம்பரம் அனுப்பினார். குடும்பத்தோடு வந்து ஒரு நாளைக் கழிக்கும் இடம் என்று ஸ்டேடியத்தை விற்றார். அடுத்த ஆண்டே போ ஷெம்பெக்லர் பயிற்சியாளராக வந்தார். 1969 நவம்பரில் யாரும் அசைக்க முடியாது என்று நினைத்த ஒஹாயோ ஸ்டேட் அணியை இதே பள்ளத்தில் 24-12 என்று சாய்த்தார். அப்புறம் கூட்டத்தைக் கேட்க வேண்டாம். 1975 நவம்பர் 8-இல் தொடங்கி, கோவிட் வந்து கதவை மூடும் வரை, இங்கே நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்குக் குறையாமல் ஆள் வந்தார்கள். நாற்பத்தைந்து வருடம்.

தோண்டும்போது தொல்லை கொடுத்த ஊற்று அத்தோடு விட்டுவிடவில்லை. 1969-இல் புல்லை எடுத்துவிட்டுச் செயற்கைத் தரை போட்டார்கள். 1991-இல் திரும்பவும் இயற்கைப் புல்லே நல்லது என்று, மைதானத்தை மூன்றரை அடி கீழே இறக்கிப் புல் பதித்தார்கள். நிலத்தடி நீர் அவ்வளவு மேலே இருக்கும் இடத்தில் இன்னும் கீழே போனால் என்ன ஆகும்? புல் வேர் பிடிக்கவே இல்லை. ஆட்டக்காரர்கள் ஓடினால் பெயர்ந்து வந்தது. 2003-இல் புல்லுக்கு விடை கொடுத்துவிட்டு, புதிய வகைச் செயற்கைத் தரைக்கே போய்விட்டார்கள்.

1998-இல் மேலே வரிசைகள் கூட்டி 1,07,501 ஆக்கியபோது, விளிம்பைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய வளையமும் மாட்டினார்கள். அதில் ராட்சத எழுத்துகளும் படங்களும். பழைய மாணவர்களுக்குப் பிடிக்கவில்லை. எளிமையான பள்ளம் என்பதுதானே இதன் பெருமை, இதற்கு எதற்குக் கிரீடம் என்று சண்டை போட்டார்கள். இரண்டே வருடத்தில் கழற்றிவிட்டார்கள்.

பெரிய மாற்றம் அதற்குப் பிறகுதான். 2007-இல் தொடங்கி 2010-இல் முடிந்த வேலை, 22.6 கோடி டாலர் செலவு. கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு உயரமான கட்டடங்கள். அவற்றில் பணம் படைத்தவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் குளிராமல் உட்கார்ந்து பார்க்கும் அறைகள். எல்லாரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் இப்படி ஒரு பிரிவினையா என்ற முணுமுணுப்பு அப்போதே இருந்தது. எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. இதைவிட முக்கியமானது ஒரு வழக்கு. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குப் போதிய இடமில்லை என்று, உடல் செயலிழந்த முன்னாள் ராணுவத்தினரின் சங்கம் நீதிமன்றம் போனது. 2008-இல் சமரசமாகி, அவர்களுக்கான இடங்கள் கணிசமாகக் கூட்டப்பட்டன. எண்பது வருடமாக யாருக்கும் உறைக்காத விஷயம், வழக்குப் போட்டபின் உறைத்தது.

அந்த இரண்டு கட்டடங்களால் எதிர்பாராத ஒரு லாபம், சத்தம். சாய்வு குறைந்த, அகன்று விரிந்த பள்ளம் என்பதால் அதுவரை ஒரு லட்சம் பேர் கத்தினாலும் சத்தம் வானத்துக்குப் போய்விடும். கூட்டம் பெரிது, கூச்சல் சிறிது என்று எதிரணிக்காரர்கள் கேலி செய்வார்கள். இப்போது இருபக்கச் சுவரும் சத்தத்தை வாங்கித் திருப்பி மைதானத்துக்குள்ளேயே கொட்டுகின்றன. 2013 செப்டம்பரில் நோட்டர் டேம் அணியோடு நடந்த இரவு ஆட்டத்துக்கு வந்தவர்கள் 1,15,109 பேர். அந்தக் கத்தலை நினைத்துப் பாருங்கள்.

ஃபுட்பால் இல்லாத நாட்களிலும் அந்தப் பள்ளத்துக்கு வேலை உண்டு. பட்டமளிப்பு விழா அங்கேதான். 1964-இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வறுமையும் இனப் பாகுபாடும் இல்லாத ‘மகத்தான சமுதாயம்’ என்ற தன் திட்டத்தை விரித்துப் பேசியது இந்தக் கேலரியில் உட்கார்ந்திருந்த பட்டதாரிகளிடம்தான். 2010 டிசம்பரில் நடுவில் பனித்தரை அமைத்து ஹாக்கி ஆடினார்கள். பார்க்க லட்சத்துக்கும் மேல் வந்தார்கள். 2014-இல் ரியல் மாட்ரிட்டும் மான்செஸ்டர் யுனைடெட்டும் நம் கால்பந்தை ஆடியபோது 1,09,318 பேர்.

காசு எங்கே போகிறது என்றும் கேட்பீர்கள். டிக்கெட், டி.வி. உரிமை, கண்ணாடி அறை வாடகை என்று ஃபுட்பால் சம்பாதிப்பதில்தான் நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற மற்ற அணிகள் பெருமளவு பிழைக்கின்றன. ஆடுகிற பையன்களுக்குக் கிடைத்தது படிப்புச் செலவுதான். 2021-இல் விளம்பரங்களில் தோன்றிச் சம்பாதிக்க அனுமதித்தார்கள். 2025 ஜூலை முதல்தான் வருமானத்தில் ஒரு பங்கைக் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம் என்று ஆனது. டே குழுவின் பேராசிரியர்கள் இருந்திருந்தால் இதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்களோ.

2010-இல் 1,09,901 ஆன இருக்கைக் கணக்கை 2015-இல் 1,07,601 ஆகக் குறைத்தார்கள். 1956-க்குப் பிறகு எத்தனை முறை கூட்டினாலும் குறைத்தாலும் கடைசியில் அந்த 1 மட்டும் மாறவில்லை. கிரிஸ்லரின் இருக்கை எந்த வரிசையில், எந்த எண்ணில் இருக்கிறது என்று இதுவரை யாரும் வெளியே சொன்னதில்லை. ஏதோ ஒரு சனிக்கிழமை, தெரியாமலே அதில் ஒருவர் உட்கார்ந்து பாப்கார்ன் தின்றுகொண்டிருப்பார்.